பதினாறு பக்கச் சிறு புத்தகம்: எண்ணம் முதல் விநியோகம் வரை

கோயில் பஜனைக் குழு தன் பாடல்களை அச்சிட்டுக் கொடுக்க நினைக்கிறது. குடியிருப்போர் சங்கம் அவசரத் தொலைபேசி எண்களை வீட்டுக்கு வீடு சேர்க்க நினைக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கடன் விதிகள் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு முறையை எழுதிக் கொடுக்க ஒரு மருத்துவர் விரும்புகிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குப் பாட்டியைப் பற்றி எட்டுப் பக்கம் கொடுக்கலாம் என்று பேரப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். செய்தி எதுவாக இருந்தாலும் செய்முறை ஒன்றுதான்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேரே அச்சகத்துக்குப் போய், “ஆயிரம் பிரதி என்ன விலை?” என்று கேட்கிறார்கள். “என்ன சைஸ், எத்தனை பக்கம், என்ன பேப்பர்?” என்று அச்சகக்காரர் திருப்பிக் கேட்பார். மூன்றுக்கும் பதில் இருக்காது. தன்னிடம் மிச்சமிருக்கும் தாளை மனதில் வைத்து அவர் ஒரு விலை சொல்வார். அதுவே புத்தகத்தின் தலையெழுத்தாகிவிடும். இந்த வழிகாட்டியின் வரிசை அதைத் தவிர்ப்பதற்கானது. அச்சகம் இதில் பத்தாவதாகத்தான் வருகிறது.

1. எங்கே வைப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள்

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “வாங்கிய பிறகு இதை வீட்டில் எங்கே வைப்பார்கள்?” என்பது. அளவு, தாள், எழுத்தின் பருமன், பக்க எண்ணிக்கை எல்லாம் இதற்கான பதிலிலிருந்து வருகின்றன.

சட்டைப் பையில் வைக்க வேண்டியது என்றால் ஏ6 அளவுக்கு (ஏ4 தாளில் கால் பங்கு) மேல் போகக் கூடாது. பூஜை அலமாரியில் இருக்கப் போவது என்றால் விளக்கு வெளிச்சத்தில் அறுபது வயதுக் கண் படிக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தாள் பளபளக்கக் கூடாது. சமையலறை ஆணியில் தொங்கப் போவது என்றால் மூலையில் துளையும் நூலும் வேண்டும், அட்டை ஈரத்தைத் தாங்க வேண்டும். குடும்ப அட்டையும் மின்கட்டண அட்டையும் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போக வேண்டியது என்றால் அந்த உறையின் அளவை ஸ்கேல் வைத்து அளந்து வாருங்கள்.

நான்கைந்து வீடுகளில் போய்ப் பார்ப்பது நல்லது. “கடைசியாக வந்த சின்னப் புத்தகத்தை எங்கே வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். பலர் தேடுவார்கள், சிலர் உடனே எடுத்து வந்து காட்டுவார்கள். உடனே கிடைத்ததைக் கையில் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அது தடித்த அட்டையோ நல்ல படமோ உள்ளதாக இருக்காது. கடைசிப் பக்கத்தில் பால் கணக்கு எழுத இடம் இருந்ததாக இருக்கும்.

2. துண்டுப் பிரசுரம் போதுமா என்று பாருங்கள்

சொல்ல வேண்டிய செய்தியில் ஒரு தேதி இருந்து, அந்தத் தேதி போனதும் செய்தியும் காலாவதியாகிவிடும் என்றால் ஒற்றைத் தாள் நோட்டீஸ் போதும். மருத்துவ முகாம், கடை திறப்பு, குடிநீர் நிறுத்தம் எல்லாம் இந்த ரகம். அதற்குப் புத்தகம் போடுவது வீண் செலவு.

ஒரே பொருளைப் பற்றி நாலைந்து குறிப்புகள் என்றால், ஏ4 தாளை மூன்றாக மடித்த மடிப்பிதழ் பொருந்தும். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியது, வரிசையாகப் படிக்க வேண்டியது, பத்திரப்படுத்த வேண்டியது என்றால் மட்டும் புத்தகம்.

இரண்டும் கலந்த செய்தியும் உண்டு. பாடல் புத்தகத்தோடு இந்த வருட விழா நிகழ்ச்சி நிரலையும் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். நிகழ்ச்சி நிரலைத் தனித் தாளில் அச்சிட்டுப் புத்தகத்துக்குள் செருகிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மிஞ்சும் பிரதிகள் அடுத்த வருடம் பழையதாகிவிடும்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிரதிகளின் எண்ணிக்கையைப் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுங்கள். “ஒரு ஆயிரம் போடலாம்” என்பது கணக்கு அல்ல. தெருவில் 180 வீடு என்றால் 180. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும் சேதத்துக்கும் சேர்த்து 220. அவ்வளவுதான்.

இறுதி முடிவு எடுக்க ஒருவர் வேண்டும். குழுவில் எட்டுப் பேர் இருந்தாலும் அச்சுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர் ஒருவராக இருக்கட்டும். எட்டுப் பேரும் தனித்தனியே அச்சகத்துக்குப் போன் செய்து திருத்தம் சொன்னால், ஒருவர் திருத்தியதை இன்னொருவர் பழையபடி ஆக்குவார்.

தேதியைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். கையில் கிடைக்க வேண்டிய நாளிலிருந்து விநியோகத்துக்கு ஒரு வாரம், அச்சுக்கும் பைண்டிங்குக்கும் ஒரு வாரம், மெய்ப்புக்கு (அச்சுக்கு முன் மாதிரித் தாளில் பிழை பார்ப்பதற்கு) ஒரு வாரம், எழுதிச் சேர்க்க இரண்டு மூன்று வாரம் கழித்துக்கொள்ளுங்கள். முகூர்த்த மாதங்களில் அச்சகங்கள் கல்யாணப் பத்திரிகையில் மூழ்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காலண்டர், டைரி வேலை. தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் உங்கள் சிறு வேலை வரிசையின் கடைசிக்குப் போகும்.

4. அளவையும் பக்கத்தையும் பொருத்துங்கள்

நடுவில் கம்பிப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். அதனால் 8, 12, 16, 20 என்று போகும். பதினான்கு பக்கச் செய்தியைக் கொண்டுபோனால் இரண்டு பக்கம் காலியாக நிற்கும் அல்லது கடைசி நேரத்தில் யாருடைய படமோ அங்கே ஏறும்.

அட்டையைத் தனியாகப் போடுகிறீர்களா, உள்தாளிலேயே முதல் பக்கத்தை அட்டையாக வைக்கிறீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். “16 பக்கம்” என்று நீங்கள் சொன்னதை அச்சகம் “16 பக்கமும் 4 பக்க அட்டையும்” என்று எடுத்துக்கொண்டால் விலை மாறும்.

அளவில் ஏ5, அதாவது 148 × 210 மி.மீ., பொதுவான தேர்வு. ஏ4 தாளை நடுவில் மடித்தால் இந்த அளவு வரும். ஜெராக்ஸ் கடையிலும் செய்யலாம். ஏ6 அதில் பாதி. ஆஃப்செட்டில், அதாவது அச்சுத் தகடு செய்து அச்சிடும் முறையில், போவதானால் ‘டெம்மி 1/8’, ‘கிரவுன் 1/8’ என்று பேசுவார்கள். டெம்மி ஏறத்தாழ ஏ5-ஐ ஒட்டியது, கிரவுன் அதைவிடச் சிறியது. பெயரை நம்பாமல் வெட்டிய பிறகு இருக்கும் அளவை மி.மீட்டரில் எழுதி வாங்குங்கள். அச்சகத்துக்கு அச்சகம் ஓரிரு மி.மீ. மாறும்.

ஏ5 பக்கத்தில் 12 பாயின்ட் எழுத்தில், நல்ல இடைவெளியோடு, ஏறத்தாழ 150 தமிழ்ச் சொற்கள் கொள்ளும். 16 பக்கத்தில் அட்டைகள், காலியிடம் எல்லாம் போக நிகரமாக 1,800 சொற்களுக்கு மேல் திணிக்க வேண்டாம். பாடல் புத்தகத்துக்கு 14 பாயின்ட். ஒரு பாடல் எதிரெதிர்ப் பக்கங்களுக்குள் முடிய வேண்டும். பாடிக்கொண்டே கையில் தாளமும் போடுகிறவரால் பாதிப் பாட்டில் பக்கத்தைத் திருப்ப முடியாது.

1964-இல் யுனெஸ்கோ வகுத்த வரையறைப்படி அட்டை நீங்கலாக 5 முதல் 48 பக்கம் வரை உள்ளது சிறு பிரசுரம். 49-ஐத் தொட்டால் புத்தகம். பின் அடிக்கிறவரின் அனுபவக் கணக்கும் இதை ஒட்டியதுதான். அதற்கு மேல் போனால் புத்தகம் மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

5. டம்மி (வெற்று மாதிரிப் புத்தகம்) செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பத்து நிமிட வேலை. பிற்பாடு பல நாள் தலைவலியை மிச்சமாக்கும்.

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண் போடுங்கள். இப்போது தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம், மறு முகத்தில் 2-ம் 15-ம் இருக்கும். அடுத்த தாளில் 14-ம் 3-ம், 4-ம் 13-ம். மூன்றாவதில் 12-ம் 5-ம், 6-ம் 11-ம். உள்தாளில் 10-ம் 7-ம், 8-ம் 9-ம். எந்த முகத்தைக் கூட்டினாலும் 17 வரும். எட்டுப் பக்கம் என்றால் 9, பன்னிரண்டு என்றால் 13. ஜெராக்ஸ் கடையில் பக்கம் மாறிவிட்டதா என்று சோதிக்க இந்தக் கூட்டல் போதும்.

டம்மியில் இன்னொன்றும் தெரியும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே தாளில் இருப்பவை 8-ம் 9-ம் மட்டுமே. மற்ற ஜோடிகள் வெவ்வேறு தாள்கள். தெரு வரைபடம், பெரிய அட்டவணை, குடும்பப் புகைப்படம் என இரண்டு பக்கத்துக்கும் பரவும் எதுவானாலும் நடுப்பக்கத்தில் வையுங்கள். வேறு இடத்தில் வைத்தால் மடிப்பில் கோடு கோட்டோடு சேராது; படத்தில் நிற்பவரின் தோள் ஒரு நூல் ஏறி இறங்கி நிற்கும்.

பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடிக்கடி தேவைப்படுவது கடைசி அட்டையில் இருக்கட்டும்; புத்தகத்தைக் கவிழ்த்தாலே தெரியும் இடம் அது. தலைவரின் புகைப்படத்தை அங்கே வைக்கச் சொல்வார்கள். இரண்டாம் பக்கத்தைக் கொடுத்துச் சமாளியுங்கள்.

6. செய்தியை எழுதுங்கள், சரிபாருங்கள்

ஒரு பக்கத்துக்கு ஒரு விஷயம். “மின்தடையா?”, “குழந்தைக்கு வயிற்றுப்போக்கா?” என்று படிக்கிறவரின் மனதில் எழும் கேள்வியையே தலைப்பாக வையுங்கள். ‘பொது சுகாதாரம் தொடர்பான சில குறிப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் அவசரத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

செயல்முறைகளை நடக்கும் வரிசையிலேயே எழுதுங்கள். எச்சரிக்கை அந்தச் செயலுக்கு முன்னால் வர வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுவதுமாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ‘பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கலக்காதீர்கள்’ என்பதைக் கடைசி வரியில் எழுதினால், அதைப் படிக்கும்போது டம்ளர் காலியாகியிருக்கும். உடல்நலம் பற்றிய பக்கம் எதையும் ஒரு மருத்துவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

தொலைபேசி எண்களைச் சரிபார்க்க இரண்டு முறைகள் உள்ளன. எலெக்ட்ரீசியன், ஆட்டோ நிலையம், பக்கத்து மருந்துக்கடை போன்ற உள்ளூர் எண்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பேசிப் பாருங்கள். அச்சிடச் சம்மதமா என்றும் கேளுங்கள். ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் உதவி 1098, பெண்கள் உதவி 181, இணைய மோசடிப் புகார் 1930, பொது அவசர எண் 112 போன்றவற்றைச் சோதனைக்காக அழைக்காதீர்கள். உண்மையான அழைப்பு ஒன்று அந்த நேரத்தில் காத்திருக்கலாம். இவற்றை அரசுத் தளங்களில் பார்த்துச் சரிசெய்யுங்கள். தமிழ்நாட்டில் மின்தடைப் புகாருக்கு மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணைச் சேர்க்கலாம்.

பாடல்களையும் செய்யுள்களையும் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியிலிருந்து எடுக்காதீர்கள். பத்துக் கை மாறி வந்த பாட்டில் பத்துப் பிழை இருக்கும். அச்சிட்ட நல்ல பதிப்பு ஒன்றை வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். உரிமையையும் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பழம் பாடல்களில் சிக்கல் இல்லை. அண்மைக் காலக் கவிஞரின் பாட்டுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இலவசமாகத்தானே கொடுக்கிறோம் என்பது அனுமதி ஆகாது.

குடும்ப நினைவுப் புத்தகத்தில் உறவினர் பெயர் வரிசைதான் வெடிகுண்டு. மூத்தவர் யார், யார் பெயர் முதலில், மருமகள்கள் பெயர் தனியாகவா கணவர் பெயரோடா என்பதையெல்லாம் எழுதுவதற்கு முன்பே வீட்டுப் பெரியவரைக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். அச்சான பிறகு கேட்டால் பதில் சண்டையாக வரும்.

கடைசியாக, இரண்டாம் பக்கத்தில் ‘இந்தத் தகவல்கள் இன்ன மாதம், இன்ன ஆண்டு நிலவரப்படி’ என்று ஒரு வரி. மூன்று வருடம் கழித்துப் பரணில் கிடைத்தால் நம்பலாமா என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். 14 அல்லது 15-ஆம் பக்கத்தில் கோடு போட்ட காலியிடம் விடுங்கள். எழுத இடம் உள்ள புத்தகத்தைக் குப்பையில் போட மனம் வராது.

7. தட்டச்சும் எழுத்துருவும்

தமிழ் அச்சில் பிழைகள் கூட்டமாகப் புகும் வாசல் இதுதான். நீங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ அடிப்பது யூனிகோடு, எல்லாக் கருவிகளும் ஒரேபோலப் படிக்கும் எழுத்துக் குறிமுறை. சில டி.டி.பி. கடைகளில் (கணினியில் பக்கம் வடிவமைத்துத் தருபவை) இன்னும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளும், பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களும் ஓடுகின்றன. உங்கள் கோப்பை அவர்கள் மாற்றி எடுப்பார்கள், அல்லது புதிதாக அடிப்பார்கள். இரண்டிலும் பிழை விழும்.

எனவே தட்டச்சு செய்யும் முன்பே கேளுங்கள்: “யூனிகோடு கோப்பை அப்படியே எடுப்பீர்களா?” எடுப்போம் என்றால், ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்துச் சோதியுங்கள். அந்தப் பக்கத்தில் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ எல்லாம் வரும்படி செய்யுங்கள். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வரி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். கோப்பை மாற்றும்போது கௌ என்பதன் கடைசிப் பகுதி ‘ள’ என்ற எழுத்தாகவே மாறியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து உட்கார்வதும் உண்டு.

அதைவிடப் பாதுகாப்பான வழி, நீங்களே வடிவமைத்து எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். கோப்பாகக் கொடுப்பது. அப்போது அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து சிதையாது. திருத்தங்களையும் நீங்களே செய்து புதிய கோப்பு அனுப்ப வேண்டும். கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதிது’, ‘உண்மையான ஃபைனல்’ என்று பெயர் வைத்தால் பழையதுதான் அச்சாகும்.

ஒரு புத்தகத்துக்கு இரண்டு எழுத்துரு போதும்: உள்ளடக்கத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று. வளைந்து நெளியும் அலங்கார எழுத்தில் தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள். அடர்நிறப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்து வேண்டாம்; மை பரவினால் புள்ளிகள் அடைந்துவிடும். புள்ளி போனால் தமிழில் சொல்லே மாறிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் தெளிவாகத் தெரிவது அச்சில் தெளிவாக வரும் என்று எண்ணாதீர்கள். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். கியூஆர் குறியீடு சேர்ப்பதானால் இரண்டு செ.மீ.க்குக் குறையாமல் வைத்து, அச்சிட்ட மெய்ப்பிலிருந்தே ஸ்கேன் செய்து பாருங்கள்.

8. மெய்ப்புப் பார்ப்பது

திரையில் மெய்ப்புப் பார்க்காதீர்கள். உண்மையான அளவில் தாளில் எடுத்து, மடித்து, புத்தகமாகவே பாருங்கள். எழுத்து சிறியது, ஓரம் போதாது, பக்கம் மாறியிருக்கிறது என்பவை இப்படித்தான் தெரியும்.

எழுதியவர் மெய்ப்புப் பார்த்தால் போதாது. அவர் கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனதில் இருப்பதைப் படிக்கும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடரட்டும். எண்களை இலக்கம் இலக்கமாகப் படியுங்கள்.

அட்டையையும் தலைப்புகளையும் தனியாக ஒரு முறை பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள பிழைதான் யார் கண்ணிலும் படாமல் தப்பும். வரி உடையும் இடங்களையும் பாருங்கள். ஒற்றெழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கக் கூடாது. ஒரே தொலைபேசி எண் இரண்டு வரியில் உடையக் கூடாது.

திருத்தம் செய்த பிறகு திருத்திய இடத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஒரு சொல் சேர்ந்தால் பத்தி நகரும், கடைசி வரி பெட்டிக்கு வெளியே போய் மறைந்துவிடும். இறுதி மெய்ப்பில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அச்சான பிறகு பிழை யாருடையது என்ற பேச்சு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

9. தாள்

உள்பக்கத்துக்கு 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ, அதாவது பளபளக்காத வெள்ளைத் தாள், போதும். பேனாவால் எழுதலாம், கண் கூசாது. வழவழப்பான ஆர்ட் பேப்பர் வண்ணப் படங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் எழுதிய மை விரலில் ஒட்டும், டியூப் லைட் அடியில் மின்னும். விலை கூடிய தாள் என்றால் மதிப்பு என்று நினைத்துப் பாடல் புத்தகத்தை ஆர்ட் பேப்பரில் போடுகிறார்கள். முதியவர்கள் அதைச் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறார்கள். 60-க்குக் கீழே போனால் மறுபக்க எழுத்து தெரியும்.

அட்டைக்கு 170 முதல் 220 ஜி.எஸ்.எம். 16 பக்கத்துக்கு 300 போட்டால் உள்ளே இருப்பதைவிட அட்டை முரடாகிப் புத்தகம் விரியாது.

தாளில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. மடிப்பு அந்தத் திசையில் விழுந்தால் வழுவழுவென்று மடியும். குறுக்கே விழுந்தால் அட்டையின் மடிப்பில் வெடிப்புக் கோடு தெரியும். தாளை இரு பக்கமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும்போது வளைவுக் கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதுதான் நார்த் திசை. அச்சகத்தில் இதைக் கேட்டால் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள்.

10. அச்சகத்தில் விலை கேட்பது

இப்போது போகலாம். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு முதலிலேயே வந்துவிடும். 100 பிரதிக்கும் 2,000 பிரதிக்கும் அது ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக் கூடப் பிரதிக்கான விலை இறங்கும். டிஜிட்டலில், அதாவது கோப்பிலிருந்து நேரே அச்சிடும் முறையில், பிளேட் இல்லை. பத்தாவது பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. இருநூறு வரை டிஜிட்டல், ஆயிரத்துக்கு மேல் ஆஃப்செட், இடையில் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள். ‘இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இரண்டாயிரமாகப் போடலாமே’ என்ற வலையில் விழாதீர்கள். மிஞ்சும் கட்டுகள் செயலாளர் வீட்டுப் பரணில்தான் தூங்கும்.

ஒரே குறிப்பை மூன்று அச்சகங்களுக்கும் எழுத்தில் கொடுங்கள்: வெட்டிய பிறகு அளவு, பக்கம், அட்டை தனியா இல்லையா, உள்தாள், அட்டைத் தாள், உள்ளே ஒரு நிறமா நான்கு நிறமா, லேமினேஷன் உண்டா, பின் எத்தனை, பிரதி எத்தனை, எந்த நாளில் வேண்டும், ஜி.எஸ்.டி. சேர்த்தா. வாய்மொழியாகக் கேட்ட மூன்று விலைகளை ஒப்பிட முடியாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு புத்தகத்துக்கு விலை சொல்லியிருப்பார்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் உள்பக்க வண்ணத்தை எடுங்கள். அட்டை மட்டும் வண்ணம், உள்ளே கறுப்பு என்பதே போதும். எழுத்தைச் சிறிதாக்கிப் பக்கத்தைக் குறைப்பது கடைசி வழியாகக்கூட இருக்கக் கூடாது.

11. யார் அச்சிட்டது, யார் வெளியிட்டது

இரண்டாம் பக்கத்தின் அடியிலோ கடைசிப் பக்கத்திலோ வெளியிடுபவர் பெயர், ஊர், அச்சகத்தின் பெயர், ஊர் ஆகியவை இருக்கட்டும். புத்தகங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2024 மார்ச் முதல் பருவ இதழ்களுக்கான புதிய சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பெயரில்லாத அச்சுத் தாளை யாரும் நம்புவதில்லை, வழக்கத்தை விடாதீர்கள்.

தேர்தல் பிரசுரம் என்றால் கதை வேறு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும். தம்மை நேரில் அறிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை வெளியிடுபவர் இரண்டு பிரதியாக அச்சகத்திடம் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சங்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வேட்பாளருக்கு ஆதரவாக நான்கு வரி போட்டாலும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும்.

12. மடிப்பு, பின், கட்டிங்

வரிசை இதுதான்: அடுக்குதல், மடித்தல், பின் அடித்தல், கடைசியில் மூன்று பக்கமும் வெட்டுதல். முதலிலேயே வெட்டிவிட்டு மடித்தால் உள்தாள்கள் வெளியே துருத்தும். ஓரம் படிக்கட்டாக நிற்கும். அந்தக் கடைசி வெட்டுக்காகத்தான் ஓரம் வரை போகும் படத்துக்கு 3 மி.மீ. கூடுதல் விட வேண்டும். எழுத்து வெட்டு ஓரத்திலிருந்து 10 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும்.

இரண்டு பின் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பின் அடித்தால் தாள் அதைச் சுற்றித் திரும்பிக் கிழியும். கடலோர ஊர்களில் சாதாரணக் கம்பி சில மாதங்களில் துருப்பிடித்துக் கறை விடும். துருப்பிடிக்காத கம்பி இருக்கிறதா என்று கேளுங்கள். கையால் செய்கிற சிறு எண்ணிக்கை என்றால் ஊசி நூலால் மூன்று துளைத் தையல் போடலாம், அழகாகவும் இருக்கும். நீளமான ஸ்டேப்ளர் இல்லாமல் சாதாரண ஸ்டேப்ளரை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

எடுக்கப் போகும்போது கட்டின் மேலே இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டின் நடுவிலிருந்தும் இரண்டு பிரதிகளை உருவிப் பக்க வரிசை, வெற்றுப் பக்கம், தலைகீழ்ப் பக்கம், மை தீற்றல் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் தீர்க்கும் முன் பார்க்க வேண்டும்.

13. கையில் சேர்ப்பது

நோட்டீஸைச் செய்தித்தாளில் வைத்து அனுப்பலாம். புத்தகத்தை அப்படி அனுப்பினால் பேப்பரோடு எடைக்குப் போய்விடும். கையில் கொடுங்கள், கொடுக்கும்போது ஒரு பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். “கரண்ட் போனால் இந்தப் பக்கம்” என்ற ஒரு வாக்கியம் போதும். எங்கே வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நூல் கோத்துக் கொடுத்தால் சொல்லாமலே மாட்டுவார்கள்.

விழாக் கூட்டத்தின் நடுவில் பாடல் புத்தகம் கொடுத்தால் பாதி பிரசாதத்துக்கு அடியில் விரிக்கப்படும். பாட்டுத் தொடங்குவதற்கு முன், அமர்ந்த பிறகு கொடுங்கள். நினைவுப் புத்தகத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களிடம், தாம்பூலப் பையோடு.

பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். வாங்காமல் விட்டுப்போனவர்கள் அடுத்த வாரம்தான் கேட்பார்கள்.

14. பிழை தெரியவந்த பிறகு

தெரியவரும். எழுத்துப் பிழை என்றால் விட்டுவிடுங்கள். தவறான தொலைபேசி எண், மருந்தின் அளவு, ஒருவருடைய பெயர் என்றால் விட முடியாது. சிறிய ஒட்டுத்தாளில் சரியானதை அச்சிட்டு அந்த இடத்தின்மேல் ஒட்டுங்கள். தனியாகப் ‘பிழைதிருத்தம்’ தாள் செருகினால் முதல் நாளே விழுந்துவிடும். ஏற்கெனவே விநியோகித்த வீடுகளுக்கும் ஒட்டுத்தாளோடு போக வேண்டும். அதற்காகத்தான் மூன்றாவது படியில் எடுத்த பெயர்ப் பட்டியல்.

ஒரு பிரதியின் அட்டையில் ‘திருத்தப் பிரதி’ என்று எழுதி, சங்க அலுவலகத்திலோ பொறுப்பாளர் வீட்டிலோ வையுங்கள். மாறிய எண், மூடிய கடை, யாரோ சொன்ன குறை எல்லாவற்றையும் சிவப்பு மையில் அதிலேயே குறித்து வாருங்கள். அடுத்த பதிப்புக்கு டி.டி.பி. கடைக்குக் கொடுக்க வேண்டியது அந்தப் பிரதிதான். கணினியில் இருக்கும் பழைய கோப்பைத் திறந்து அப்படியே அச்சிடச் சொல்லாதீர்கள்.